அவள் ஓடட்டும், நான் எங்கே நிற்பது?

ஓட்டம், காயம், உடற்பயிற்சி பற்றி வாசகர்கள் கேட்பதற்குத் தர்மபுரியிலிருந்து முன்னாள் உடற்கல்வி ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது, ஊர் கிருஷ்ணகிரி. பள்ளியிலிருந்தே கூடப் படித்த தோழியும் நானும் பிப்ரவரியிலிருந்து கே.ஆர்.பி. அணை ரோட்டில் காலை 5 மணிக்கு ஓடுகிறோம். ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழு 42 கிலோமீட்டர் ஓட இருவரும் பணம் கட்டிவிட்டோம், இரண்டு பேருக்கும் இதுதான் முதல் முறை. போன மாதம் வலது காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில், ஒரே இடத்தில் விரல் வைத்தால் உயிர் போகிற வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று வந்தது. எட்டு வாரம் ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், மாரத்தானுக்கு இருப்பதோ ஏழு வாரம். நான் வராவிட்டால் அவளும் ஓடமாட்டாளாம். கடைசி 10 கிலோமீட்டர் மட்டும் அவளோடு மெதுவாக ஓடலாமா? 1984-ல் ஜோன் பெனாய்ட் முழங்கால் ஆபரேஷன் ஆகி 17 நாளில் மாரத்தான் ஓடி ஜெயித்தார் என்று படித்தேன். இல்லையென்றால் என் பிப்பை (நெஞ்சில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண் அட்டை) தம்பிக்குக் கொடுத்து அவளோடு அனுப்பலாமா? அம்மா காலில் எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் லாங் ரன் முடித்து போட்டோ அனுப்பும்போது எனக்கு மனசு சுருங்கிப்போகிறது. வாழ்த்து அனுப்பிவிட்டு உட்கார்ந்து அழுகிறேன். நான் கெட்டவளா அக்கா?

பதில்: அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நீ என்றே எழுதுகிறேன். கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

நீ கெட்டவள் இல்லை. பத்து மாதம் பனியிலும் வெயிலிலும் எழுந்து ஓடியவள் நீ, அந்த ஓட்டம் கையை விட்டுப் போனால் வலிக்கத்தான் செய்யும். நான் கல்லூரியில் படித்தபோது மாநிலப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் கணுக்கால் ஜவ்வு கிழிந்தது. 3000 மீட்டரில் எனக்குப் பதிலாக என் அறைத்தோழி ஓடினாள். நான் மைதானத்துக்கே போகவில்லை, தலைவலி என்று சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். சாயங்காலம் அவள் வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள், கழுத்தில் இருந்த மெடலைக் கழற்றி எனக்குக் காட்டாமலே பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். நான் தூங்குவதுபோல் கிடந்தேன். அந்த ஜிப் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. என் மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அவள் ஜெயித்த நாளில் சந்தோஷப்பட முடியாமல் செய்துவிட்டேனே, அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவளிடம் ஒரே ஒரு தடவை நேரில் சொல்லிவிடு. வாட்ஸ்அப்பில் வேண்டாம். அவதானப்பட்டி ஏரிப் பக்கமோ உங்கள் வழக்கமான டீக்கடையிலோ உட்கார்ந்து, "உன் போட்டோ வரும்போது எனக்கு அழுகை வருது, ஆனா நீ அனுப்பறத நிறுத்தாத" என்று சொல். இரண்டு பாதியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் சொன்னால் அவள் குற்ற உணர்ச்சியில் ஒளித்து ஒளித்து ஓடுவாள், இரண்டாவதை மட்டும் சொன்னால் நீ நடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு வாரம் நடிக்க முடியாது, எங்காவது ஒரு நாள் சுருக்கென்று ஏதாவது பேசிவிடுவாய். சொன்ன பிறகும் அழுகை வரும். பரவாயில்லை, வரட்டும்.

சரி, இப்போது கால். கடைசி 10 கிலோமீட்டர் வேண்டாம். கடைசி 1 கிலோமீட்டரும் வேண்டாம். ஓட ஓட எலும்பில் பழையது அரிக்கப்பட்டு அந்த இடத்தில் புதியது கட்டப்படுகிறது. அரிப்பது வேகமாக நடக்கும், கட்டுவது மெதுவாகத்தான் நடக்கும். கட்டி முடிப்பதற்குள் மேலும் மேலும் பாரம் ஏற்றினால் மயிரிழை விரிசல் விழுகிறது, அதுதான் உனக்கு வந்திருப்பது. ஆரம்பத்து வாரங்களில் எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது, உனக்கு எம்.ஆர்.ஐ. வரை போனது நல்லதாகப் போயிற்று. இந்த நேரத்தில் தார் ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓடினால் விரிசல் முழு முறிவாகலாம், அப்போது பேச்சு எட்டு வாரத்தைத் தாண்டி மாதக்கணக்கில் போய்விடும். எட்டு வாரம் என்று டாக்டர் சொன்னதற்கு ஒன்பதாவது வாரம் பழையபடி ஓடலாம் என்று அர்த்தம் இல்லை என்பதையும் இப்போதே மனதில் வாங்கிக்கொள். வலியில்லாமல் நடப்பது, அப்புறம் ஒரு நிமிட ஓட்டம் இரண்டு நிமிட நடை என்று மெதுவாகத்தான் மேலே ஏற வேண்டும்.

ஜோன் பெனாய்ட் கதை உண்மைதான். 1984 ஏப்ரல் கடைசியில் ஆபரேஷன், மே 12-ல் அமெரிக்க ஒலிம்பிக் தகுதி மாரத்தானில் முதலிடம். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒலிம்பிக் வரலாற்றின் முதல் பெண்கள் மாரத்தானில் 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் தங்கம். எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும், ஓட வரும் பெண்களிடம் அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஆனால் அவருக்கு எலும்பில் விரிசல் எதுவும் இல்லை. முட்டிக்குள் உரசிக்கொண்டிருந்த திசுவைச் சின்னத் துளை போட்டு எடுத்தார்கள், தடையை எடுத்ததும் ஓட முடிந்தது. உனக்கு எடுத்துப்போட எதுவும் இல்லை, கட்ட வேண்டியதுதான் இருக்கிறது, கட்டுவதற்கு நாள் வேண்டும்.

எண்ணெய் போட்டு உருவுவதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்து. சதைப்பிடிப்பு என்றால் உருவலாம், விரிசல் விட்ட எலும்பின் மேல் அழுத்தி உருவக்கூடாது. அம்மாவுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று இருக்கும், களி கிண்டச் சொல். நம் இரண்டு மாவட்டத்திலும் விளைகிற கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. களியோடு கீரையும் முட்டையும் சேர்த்து நன்றாகச் சாப்பிடு, வைட்டமின் டி அளவையும் ஒரு முறை பார்த்துவிடு.

இன்னொரு விஷயம், டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டிருப்பாய், நான் கேட்கிறேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? ஓட்டத்தை ஏற்றிக்கொண்டே போய்ச் சாப்பாட்டை ஏற்றாமல் விட்டால், சில நேரம் எடை குறையட்டும் என்று குறைத்தும் விட்டால், உடம்பு முதலில் அதைத்தான் நிறுத்தும். அதோடு ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பும் பலவீனமாகும். தள்ளிப்போகிறது, இரண்டு மூன்று மாதம் வரவில்லை என்றால் அதை டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடாதே. கால் ஆறினாலும் காரணம் அப்படியே இருந்தால் அடுத்த கால் உடையும். உன் தோழியிடமும் இதைக் கேள், அவளும் உன்னோடு அதே திட்டத்தில்தானே ஓடினாள்?

பிப் விஷயம். தம்பிக்குக் கொடுக்காதே. அந்த எண்ணுக்கு எதிரில் உன் பெயர், வயது, ரத்த வகை, வீட்டு போன் நம்பர் எல்லாம் பதிவாகியிருக்கும். தம்பி வழியில் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழுவுக்கு உன் விவரம்தான் கையில் கிடைக்கும், வீட்டுக்கு வரும் போன்கூட உன்னைப் பற்றித்தான் இருக்கும். அதோடு பயிற்சி இல்லாதவனை 42 கிலோமீட்டருக்கு அனுப்புவதும் சரியில்லை. பிப் இல்லாமல் ஓரமாக நுழைந்து கூட ஓடுவதும் தவறு, போட்டியில் இல்லாதவர் வேகம் கொடுத்துக் கூட ஓடினால் ஓடுபவருக்கே சிக்கல். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி மைதானத்துக்குள் முதலாவதாக வந்து நினைவு தடுமாறி விழுந்து விழுந்து எழுந்தார். பார்த்துப் பரிதாபப்பட்ட அதிகாரிகள் கைத்தாங்கலாகக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். அந்த உதவியாலேயே அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார், தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேஸுக்குப் போனது. இன்றைக்கு நாம் சொல்கிற 42.195 கிலோமீட்டர் கணக்கும் அந்த லண்டன் ஓட்டத்திலிருந்து வந்ததுதான். உன் தோழி ஒலிம்பிக் ஓடவில்லைதான், இருந்தாலும் அவள் தன் காலால் ஓடி முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டிய தூரம் அது.

"நீ வராட்டி நானும் ஓடமாட்டேன்" என்று அவள் சொல்வது அன்பில்தான். அதை ஏற்றுக்கொள்ளாதே. அவள் ஓடாமல் விட்டால் உன் விரிசல் ஒரு நாள்கூட முன்னால் ஆறப்போவதில்லை, இருவருக்கும் சேர்த்து ஒரு வருடம் போகும், அவ்வளவுதான். "நீ ஓடு, எனக்கு வேலை இருக்கு" என்று சொல். வேலை நிஜமாகவே இருக்கிறது.

முதல் வேலை, விடியற்காலையில் அவள் தனியாக ஓடக்கூடாது. அணை ரோட்டில் டிசம்பர் பனியில் வரும் வண்டி தெரியாது, நாய்த் தொல்லை வேறு. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் ஸ்கூட்டியில் பின்னால் போ, சென்டர் ஸ்டாண்ட் மட்டும் போடாதே, அந்த இழுப்பு காலுக்கு ஆகாது. ஓட்டக்கூடாது என்றால் தம்பியை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார். அவனுக்கும் ஒரு வேலை ஆயிற்று. பைபாஸ் பக்கம் மட்டும் போகாதீர்கள், லாரிகள் போகும் வேகத்துக்கு அது ஓடுகிற இடம் இல்லை.

அப்புறம் சாப்பாட்டுச் சோதனை. 30 கிலோமீட்டர் தாண்டும்போது உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து தீர ஆரம்பிக்கும், கால் கல்லாகிவிடும். அதைத் தள்ளிப்போட, ஓடும்போதே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். பேரீச்சையா, வாழைப்பழமா, ஓட்டக்காரர்கள் உறிஞ்சும் பாக்கெட் ஜெல்லா, எது அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்று இப்போதே லாங் ரன்னில் நீ கொடுத்துப் பார்த்துக் குறித்து வை. கடலைமிட்டாய் வேண்டாம், கொழுப்பு அதிகம், ஓடும்போது செரிக்காது. மாரத்தான் அன்று புதிதாக எதுவும் கிடையாது, புது ஷூ, புது சாக்ஸ், ஸ்டாலில் கொடுக்கும் புது பானம், எதுவுமே. கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அப்போதுதான் அவளுக்குப் பயம் வரும், இன்னும் ஒரு 30 கிலோமீட்டர் போட்டுவிடலாமா என்பாள். விடாதே. கூட ஓடுகிறவர்கள் இருவருக்கும் ஒரே பயம் இருப்பதால் இதைத் தடுக்க முடியாது, ஓடாமல் நிற்கிற உன்னால் முடியும்.

வேகத்தையும் நீதான் அவளுக்கு நினைவுபடுத்த வேண்டும். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரம், காலையில் குளிர், காற்று காய்ந்தது. சென்னையில் ஜனவரி விடியலிலும் 21, 22 டிகிரி இருக்கும், கடல் ஈரத்தில் வியர்வை உலராது, உடம்பு சூடு இறங்காது. நம்மூரில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 வினாடி சுலபமாகப் போகிறவள் அங்கே 7 நிமிடத்தில் தொடங்கினால்தான் கடைசியில் நடக்காமல் வருவாள்.

பயணம். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை என்ற குறை இன்றைக்கும் தீரவில்லை, ஜோலார்பேட்டை போய் ரயில் பிடிப்பதா, வாணியம்பாடி வேலூர் வழியாக பஸ்ஸா என்று முன்கூட்டியே முடிவு செய்து டிக்கெட் போட்டுவிடு. பிப்பைப் பொதுவாக முந்தைய நாட்களிலேயே வாங்கிவிட வேண்டும், மாரத்தான் அன்று காலையில் போய்க் கேட்டால் கிடைக்காது. அதனால் ஒரு நாள் முன்னதாகவே அங்கே இருங்கள்.

இப்போது நீ எங்கே நிற்பது. தொடக்கத்தில் நிற்காதே, அப்போது அவளுக்கு ஆயிரம் பேர் கூட இருப்பார்கள். முடிவில் கட்டாயம் இரு. ஆனால் உன் முக்கியமான இடம் 30-வது கிலோமீட்டருக்கும் 35-க்கும் நடுவில். அங்கேதான் கூட்டம் குறையும், வெயில் ஏறும், கால் கல்லாகும். கணக்குப் போட்டுக்கொள்: அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி 7 நிமிட வேகத்தில் வந்தால் 30-வது கிலோமீட்டரை 7.30-க்குத் தொடுவாள், 35-ஐ 8.05-க்கு. எந்த இடம், ரோட்டின் எந்தப் பக்கம் என்று முதல் நாளே அவளிடம் சொல்லிவிடு, பளிச்சென்று ஒரே நிறத் துப்பட்டாவோ குடையோ பிடி. அவள் உன்னைத் தேடிக்கொண்டே வருவாள். அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய பலம் என்று ஓடியவர்களுக்குத் தெரியும். மடக்கு ஸ்டூல் ஒன்று கொண்டு போ, நான்கு மணி நேரம் அந்தக் காலில் நிற்கக்கூடாது.

"இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லாதே, அவளுக்கு அது கொஞ்சம் இல்லை. "30 முடிஞ்சுது, அணையிலேர்ந்து வீட்டுக்கு வர்ற தூரம் ஒண்ணு, அப்புறம் நம்ம டீக்கடை வரைக்கும்" என்பதுபோல அவளுக்குத் தெரிந்த ரோட்டை வைத்துச் சொல். அவள் அழுதால் நீ அழாதே. பேச்சு குழறினால், நேர்கோட்டில் ஓட முடியாமல் தள்ளாடினால், நெஞ்சு வலி என்றால், இடம் தெரியாமல் விழித்தால் உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிடு, ஓட்டம் அத்தோடு போனாலும் போகட்டும். தண்ணீரை வற்புறுத்திக் குடிக்க வைக்காதே. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது ரத்தத்தின் உப்புச்சத்து, இயல்பைவிடக் குறைந்திருந்தது, அளவுக்கு மேல் குடித்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடிக்கட்டும்.

முடித்து வந்ததும் உட்கார விடாதே, பத்து நிமிடம் கூட நடத்திக்கொண்டே இரு. உலர்ந்த சட்டை, கால் வீங்கியிருக்கும் என்பதால் அகலமான செருப்பு, உப்புப் போட்ட எதாவது தின்பண்டம் பையில் இருக்கட்டும். திரும்பி வரும் பஸ்ஸில் உனக்கு ஒரு காலும் அவளுக்கு இரண்டு காலும் மடங்காது, கடைசி சீட் போட்டுவிடாதே.

கேள்வி: எனக்கும் என் நண்பருக்கும் அடுத்த வாரம் ஹாஃப் மாரத்தான் (21 கிலோமீட்டர்). எனக்கு முழங்காலின் வெளிப்பக்கம் 5 கிலோமீட்டர் தாண்டினால் குத்துகிறது. நண்பரைத் தனியாக விட மனமில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா? (வாசகர், தர்மபுரி)

பதில்: வேண்டாம் சார். வலி மாத்திரை போட்டால் முழங்கால் சரியாகாது, அது கெடுவது உங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரியான மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தையே பாதிக்கலாம். நீங்கள் சொல்லும் வலி இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் பட்டை சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சில வார ஓய்வும் இடுப்புத் தசைப் பயிற்சியும் போதும். நண்பரோடு போங்கள், அவர் பையைப் பிடியுங்கள், 15-வது கிலோமீட்டரில் ரோட்டோரமாக அவருக்காகக் காத்து நில்லுங்கள். கூட ஓடி 16-வதில் நீங்கள் நொண்டினால் அவரும் நின்றுவிடுவார், யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்குக் கபடி ஆடி முழங்கால் ஜவ்வு அறுந்து, ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம் ஆகிறது. அவன் சிநேகிதன் தினமும் பைக்கில் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிறான். அந்தப் பையன் போலீஸ் தேர்வுக்கு ஓட்டப் பயிற்சி எடுக்கிறவன். எங்களால் அவன் பயிற்சி கெடுகிறதே என்று உறுத்தலாக இருக்கிறது. என் மகனும் யாரோடும் பேசாமல் படுத்தே கிடக்கிறான். (ஒரு தாய், பாலக்கோடு)

பதில்: அம்மா, இரண்டுக்கும் ஒரே வழி இருக்கிறது. பிசியோதெரபி முடிந்து வரும்போது இருவரும் மைதானத்துக்குப் போகட்டும். காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 400 மீட்டர் சுற்றில் மூன்றே முக்கால் சுற்று, ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 வினாடிக்கு மேல் போகக்கூடாது. முதல் சுற்றை வேகமாக ஓடிவிட்டு மூன்றாவதில் விழுவதுதான் பையன்கள் செய்யும் தப்பு, தனியாக ஓடும்போது அது தெரியவே தெரியாது. உங்கள் மகன் கையில் ஒரு ஸ்டாப் வாட்சும் நோட்டும் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றையும் சத்தமாகச் சொல்லி எழுதி வைக்கட்டும். கபடி ஆடிய பையன், மூச்சையும் வேகத்தையும் பார்த்த உடனே பிடித்துக்கொள்வான், இரண்டு வாரத்தில் அந்தச் சிநேகிதனுக்கே வித்தியாசம் தெரியும். மகன் கபடிக்குத் திரும்பும் பேச்சைக் குறைந்தது ஒன்பது மாதத்துக்கு எடுக்காதீர்கள், டாக்டர் சொல்லும் நாள் வரட்டும். கேலரியில் உட்காரும்போது காலை நீட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலை டிபனை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.